காசு கொடுத்தாச்சு, கேம் எங்கே?

கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்
கே: முழு விலை கொடுத்து வாங்கிய கேமை, விற்ற கம்பெனியே திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியுமா?

ப: பிடுங்கியிருக்கிறார்கள். 'தி க்ரூ' என்று ஒரு கார் கேம். பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் வண்டியை எடுத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். கூட்டாளி யாரும் இல்லாமல் தனியாக ஆடி முடிக்கக்கூடிய கதையும் இருந்தது. ஆனால் தனியாக ஆடுகிறவரும் கம்பெனி சர்வரோடு தொடர்பில் இருந்தால்தான் கேம் திறக்கும் என்று அமைத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றது. டிஸ்க்காக வாங்கியவர், டவுன்லோடு செய்தவர் எல்லாருக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. பிறகு பலருடைய கணக்கிலிருந்து கேமின் உரிமத்தையும் எடுத்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள்.

மூடியதற்காக மட்டும் நான் கோபப்படவில்லை. எந்த வியாபாரமும் ஒருநாள் மூடும். கூகுள் தன் ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, அதில் வாங்கிய கேம்களுக்கும் தன் கடையில் விற்ற கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்டில் வந்து இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. மரியாதையாக மூடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பணம், கேம் இரண்டில் ஒன்றாவது வாங்கியவரிடம் இருக்க வேண்டும். இரண்டும் விற்றவரிடமே தங்கினால் அதற்குப் பெயர் அநியாயம்.

தனியார் வங்கி ஊழியர், திருச்சி
கே: டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் பயமில்லையே?

ப: பழைய கேம்களுக்குப் பயமில்லை. புதியவற்றில் டிஸ்க் இருப்பதாலேயே கேம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 'கேம்-கீ கார்டு' என்று ஒரு வகை கார்டு விற்கிறார்கள். கார்டுக்குள் கேம் கிடையாது. இணையத்திலிருந்து டவுன்லோடு செய்ய அனுமதி மட்டும்தான் உண்டு. அட்டையின் முன்பக்கத்திலேயே அதை அச்சிட்டிருக்கிறார்கள் என்பது ஆறுதல். எந்த டிஸ்க்காக இருந்தாலும், 'இணைய இணைப்பு தேவை' என்ற வரி இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

கேம் தயாரிப்பாளர், சென்னை
கே: எங்களைப் போன்ற சிறிய ஸ்டூடியோ சர்வர் வாடகைக்கே திணறுகிறது. நாலு பேர் ஆடுவதற்காகக் காலம் முழுக்க சர்வரை ஓட்டச் சொல்வது நியாயமா?

ப: நியாயமில்லை. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. இந்த விவாதத்தில் அதிகமாகத் திரித்துச் சொல்லப்படுவது இந்த இடம்தான் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

'தி க்ரூ' மூடப்பட்டதை ஒட்டி, ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் கோரிக்கை எளிமையானது. சர்வரை நிறுத்துங்கள், ஆதரவை நிறுத்துங்கள், விற்பனையையும் நிறுத்துங்கள். போகும்போது, ஏற்கெனவே வாங்கியவர் தன் வீட்டில் ஆடிக்கொள்ளும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள். கல்யாண மண்டபத்தை இழுத்து மூடுகிறவர் மூடட்டும். நாங்கள் காசு போட்டு வாங்கிவந்த அண்டாவையும் குண்டாவையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

இது முடியுமா என்றால், முடித்துக் காட்டியிருக்கிறார்கள். 'நாக்அவுட் சிட்டி' முழுக்க முழுக்க ஆன்லைனில் கூடி ஆடும் கேம். வெலன் ஸ்டூடியோஸ் 2023 ஜூனில் அதன் சர்வரை நிறுத்தியபோது, ஆடுகிறவர்களே சொந்த சர்வர் வைத்துக்கொள்ளும்படி ஒரு பதிப்பை வெளியிட்டது. 'ரெட்ஃபால்' கேமைச் செய்த ஸ்டூடியோவையே 2024-இல் இழுத்து மூடினார்கள். மூடும் முடிவு வந்த பிறகும் கடைசி அப்டேட்டில் ஆஃப்லைனில் ஆடும் வசதி வந்து சேர்ந்தது. வேலை போகப்போகிறவர்கள் உட்கார்ந்து செய்து கொடுத்த அப்டேட் அது. அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் சங்கம் இதற்கு மறுப்புச் சொல்லியிருக்கிறது: தனியார் சர்வர்களில் பாதுகாப்பு இருக்காது, தகாத பதிவுகளுக்கு நாங்கள் பொறுப்பாக வேண்டிவரும், தயாரிப்புச் செலவு எகிறும் என்று. பொறுப்புப் பற்றிய கவலை உண்மையானது. சட்டம் எழுதும்போது அதற்கு ஒரு விலக்கு எழுதிவிடலாம். செலவுக் கவலை, பாதி வழியில் மாற்றச் சொன்னால் உண்மை. முதல் நாள் வரைபடத்திலேயே 'மூடும்போது என்ன செய்வோம்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி வராது. சிறிய ஸ்டூடியோவான உங்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது: 'நாங்கள் மூடினாலும் உங்கள் கேம் ஓடும்' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றால் எழுத முடியாத வரி அது.

ஆசிரியை, விருதுநகர்
கே: யூடியூபில் ஒருவர் பேசி, கையெழுத்து வாங்கி, சட்டம் மாறிவிடுமா?

ப: கையெழுத்தால் மட்டும் மாறாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து சேர்ந்து, அவை சரிபார்க்கப்பட்டால், ஐரோப்பிய ஆணையம் அதை எடுத்துப் பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' மனு 2024 ஜூலை 31 அன்று திறந்தது. மாதக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஐந்தாறு வாரத்தில் கூட்டம் திரண்டு 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டனில் தனியாக வைத்த மனு 1 லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது.

இதற்கிடையில் யூபிசாஃப்ட் 'தி க்ரூ 2' கேமுக்கு ஆஃப்லைன் வசதி கொடுத்துவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பே வந்த பலன் இது, டீச்சர்.

இல்லத்தரசி, நாமக்கல்
கே: என் மகனுக்கு 12 வயது. என் போனில் ஆடும்போது டயமண்ட் வாங்கியதில் 8,000 ரூபாய் போய்விட்டது. அவனை அடித்துவிட்டேன். பணம் திரும்ப வருமா?

ப: முதலில் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள் அம்மா. அவன் தனியாகத் தோற்கவில்லை. படித்த பெரியவர்கள் பலர் சேர்ந்து, ஒரு விரல் அழுத்தத்தில் காசு போகும்படி அந்தத் திரையை அமைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே நடந்தது. 'ஃபோர்ட்நைட்' தயாரிக்கும் எபிக் கேம்ஸ் மீது அங்குள்ள வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டு இது: பொத்தான்களைக் குழப்பமாக அமைத்ததால், ஆட்களே அறியாமல் ஒரு பொத்தானைத் தொட்டதும் பணம் போனது, பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் வாங்க முடிந்தது, வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கைக் கம்பெனி பூட்டியது. 2022 டிசம்பரில் எபிக் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் அந்தரங்கத் தகவல் தொடர்பாக இன்னொரு 27.5 கோடி டாலர் அபராதம். இதே போன்ற புகாரில் 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது.

இனி உங்கள் காரியம். எந்த ஆப் ஸ்டோர் வழியாகப் பணம் போனதோ அங்கேயே ரிஃபண்ட் கேளுங்கள். கூகுள் ப்ளே என்றால் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது. தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கும் எழுதுங்கள். வாங்கியது 12 வயதுக் குழந்தை, நீங்கள் அனுமதிக்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903-லேயே ஒரு கல்கத்தா வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதையும் எழுதுங்கள். கம்பெனி மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே போனில் மாற்றிவிடுங்கள்.

9-ஆம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்
கே: லெஜண்டரி ஸ்கின் போட்டா கேம் நல்லா ஆட வருமா அண்ணா?

ப: பெரும்பாலான கேமில் சட்டைதான் மாறும் தம்பி, கை மாறாது. காசு கொடுத்தவன் துப்பாக்கிக்கு மட்டும் பலம் கூடுகிற கேமாக இருந்தால், அதில் நீ ஜெயித்தாலும் சந்தோஷம் இருக்காது. வேறு கேம் பார்.

ஆட்டோ ஓட்டுநர், வேலூர்
கே: விலையை நேராக ரூபாயில் போடாமல் ஏன் காயின், டயமண்ட், யூசி என்று சுற்றி வளைக்கிறார்கள்?

ப: ரூபாய் என்றால் உங்கள் கை தயங்கும். டயமண்ட் என்றால் தயங்காது. இன்னொரு வேலையும் அதில் இருக்கிறது. பொருளின் விலை 70 காயின் என்று வையுங்கள். காயின் விற்பது 50, 100 என்ற கட்டுகளில். 100 வாங்குவீர்கள், 30 மிஞ்சும். அந்த 30-ஐ வீணாக்க மனசு வராமல் அடுத்த கட்டு வாங்குவீர்கள். மீதி மிஞ்சுவதும் கணக்குப் போட்டுச் செய்ததுதான்.

2025 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகளின் அரசு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்த வலையமைப்பு, குதிரை வளர்க்கும் ஒரு குழந்தைகள் கேம் மீது நடவடிக்கை எடுத்தபோது சில நெறிகளை வெளியிட்டது. காயின் விலைக்குப் பக்கத்திலேயே நிஜப் பண விலையும் தெரிய வேண்டும், வேண்டாத அளவுக்குக் காயினை வாங்க வைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. இது நம் ஊருக்கும் வர வேண்டும். ஒரு தீப்பெட்டிக்கே மேலட்டையில் விலை அச்சிட வைத்த நாடு இது.

வழக்கறிஞர், மதுரை
கே: லூட் பாக்ஸைக் காசு கொடுத்துத் திறக்கிறோம். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. இது சூதாட்டம்தானே?

ப: பெல்ஜியம் ஆம் என்றது. 2018 ஏப்ரலில் அங்குள்ள சூதாட்ட ஆணையம் 'ஃபிஃபா 18', 'ஓவர்வாட்ச்', 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' ஆகியவற்றின் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று சொன்னது. அடுத்த ஜனவரியில் இ.ஏ. நிறுவனம் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை அந்த நாட்டில் நிறுத்தியது. பக்கத்து நெதர்லாந்தில் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். 2022 மார்ச்சில் அங்கே உச்ச நிலை நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் துறையே பிளந்து நிற்கிற கேள்வி ஐயா இது.

என் கருத்தைக் கேட்டால், பெயர் என்ன என்பதைவிடப் பெட்டிக்குள் நேர்மை இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். நெக்சான் என்ற பெரிய நிறுவனம் 'மேப்பிள்ஸ்டோரி' கேமில் 'க்யூப்' என்று ஒன்றை விற்றது. அதைப் பயன்படுத்தினால் ஆயுதத்தின் திறன்கள் குலுக்கல் முறையில் மாறும். ஆடுகிறவர்கள் மிகவும் விரும்பிய திறன்கள் வரும் வாய்ப்பை நெக்சான் சொல்லாமல் குறைத்தது, சில சேர்க்கைகள் வரவே வராதபடி வைத்துவிட்டு அதையும் மறைத்தது என்று அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் கண்டறிந்தது. 2024 ஜனவரியில் அபராதம் 1,160 கோடி வோன். விழவே விழாத பரிசுக்கு வருஷக்கணக்கில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்! அந்த மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது கொரியாவில் சட்டக் கட்டாயம். சீனா 2017-லேயே கேட்டது. பல துண்டுகளைச் சேர்த்தால்தான் பெரும் பரிசு என்ற 'கம்ப்ளீட் கச்சா' முறையை ஜப்பான் 2012-லேயே நிறுத்த வைத்தது.

இங்கே தமிழ்நாட்டின் 2022 சட்டமும், மத்திய அரசின் 2025 சட்டமும் ரம்மி போல, பணத்தைக் கட்டிப் பணத்தை எதிர்பார்க்கும் ஆட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தற்கொலைகள் நடந்த பிறகு பிறந்த சட்டங்கள்; அவசியமானவை. ஸ்கின்னை எதிர்பார்த்துப் பணம் கட்டும் 14 வயதுப் பையனை மனதில் வைத்து யாராவது எழுத வேண்டும். நீங்கள் எழுதுங்களேன்.

ஐ.டி. ஊழியர், ஓசூர்
கே: வாங்கிய கேம் என் கம்ப்யூட்டரில் ஓடவே இல்லை. 'டிஜிட்டல் பொருளுக்கு ரிஃபண்ட் கிடையாது' என்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி. என்ன செய்ய?

ப: ஸ்டீமில் வாங்கியிருந்தால் கவலை வேண்டாம்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் திருப்பித் தருவார்கள்.

இந்த வசதி 2015 ஜூனில்தான் வந்தது. அதற்குப் பத்து மாதம் முன்பு, 2014 ஆகஸ்டில், ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் ஸ்டீமின் உரிமையாளர் வால்வ் மீது வழக்குத் தொடுத்திருந்தது. வால்வ் சொன்ன பதில், உங்களிடம் சொல்லப்படும் அதே பதில்தான்: நாங்கள் அமெரிக்க நிறுவனம், எங்கள் ஒப்பந்தத்துக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டம்தான் பொருந்தும், ஆஸ்திரேலியச் சட்டம் பொருந்தாது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியர்களுக்கு விற்றால் ஆஸ்திரேலியச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். வால்வ் மேல்முறையீடு செய்து தோற்றது.

நம் நாட்டு மின்வணிக விதிகள் 2020-ம் அதையே சொல்கின்றன: இங்கே அலுவலகம் இல்லாவிட்டாலும், இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கிற எந்த நிறுவனத்துக்கும் அவை பொருந்தும். அவர்களுக்கு அனுப்பும் அடுத்த மின்னஞ்சலில் இதை எழுதுங்கள்.

முன்னாள் பப்ஜி வீரர், திண்டுக்கல்
கே: அரசாங்கமே தடை செய்தால் நாங்கள் போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு?

ப: விற்றவர்தான். 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலையில் அதற்குப் பதிலாக பி.ஜி.எம்.ஐ. வந்தபோது பழைய கணக்கின் பொருட்களை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். நடுவில் கழிந்த பத்து மாதமும் உங்கள் யூசி அந்தரத்தில் நின்றது. தடை வந்த மாதமே, செலவழிக்காத காயினுக்குப் பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருந்திருக்காது.

ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்
கே: புத்தகத்துக்கும் இந்தக் கதி வருமா?

ப: வந்தே விட்டது. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் சில பிரதிகளை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து அழித்தது. பதிப்புரிமை இல்லாத ஒருவர் அவற்றைக் கடையில் ஏற்றி விற்றிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பள்ளி மாணவர் படித்துப் படித்து எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். நிறுவனத் தலைவர் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உங்கள் நூலகத்திலிருந்து கொண்டுபோன புத்தகத்தை எடுக்க, யார் வீட்டுக் கதவையும் நீங்கள் இரவில் திறந்ததில்லை அல்லவா?

பொறியியல் மாணவர், சேலம்
கே: அவர்கள் இப்படிச் செய்தால், நாங்கள் திருட்டுக் காப்பி எடுப்பதில் என்ன தப்பு?

ப: தப்புதான். கேமை எழுதியவர், வரைந்தவர், இசையமைத்தவர் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. பூட்டுப் போட முடிவெடுத்தவர் வேறு யாரோ. காசு கொடுத்தவர்தான் 'என் பொருள் எங்கே' என்று நிமிர்ந்து கேட்க முடியும். அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுக்காதீர்கள். பூட்டில்லாமல் விற்கிற கடைகள் இருக்கின்றன. ஜி.ஓ.ஜி.-யில் வாங்கினால் கேமின் முழு இன்ஸ்டாலரையும் இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்; கடை மூடினாலும் அது ஓடும்.

பாதுகாத்து வைப்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் முறையாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஆய்ந்து சொன்னது. விற்கவும் மாட்டோம், நூலகம் கொடுக்கவும் கூடாது என்று உரிமையாளர்கள் நிற்கும்போது நான் நூலகத்தின் பக்கம்.

விவசாயி, மன்னார்குடி
கே: நாட்டில் ஆயிரம் பிரச்சினை. விளையாட்டுச் சாமானுக்கு உரிமை பேசிப் பக்கத்தை வீணாக்கலாமா?

ப: நீங்கள் கேட்டது நல்லதாயிற்று ஐயா. கேமுக்குப் போட்ட இதே பூட்டை டிராக்டருக்கும் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டரின் எல்லாக் கோளாறுகளையும் கண்டுபிடித்துச் சரிசெய்யும் சாஃப்ட்வேர், கம்பெனியின் டீலரிடம் மட்டும்தான் முழுமையாக இருக்கிறது. அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், பட்டறைக்காரரும் தொட முடியாது, விவசாயியும் தொட முடியாது. டீலர் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதற்காக வழக்குத் தொடுத்தது.

பிரின்டருக்கும் போட்டார்கள். 2016 செப்டம்பரில் ஒருநாள், எச்.பி.-யின் சில பிரின்டர்கள் அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வேறு கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜைத் திடீரென்று மறுத்தன. முன்பே அனுப்பிய ஒரு அப்டேட்டுக்குள் அந்தத் தேதி உட்கார்ந்திருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு, பூட்டை நீக்கும் அப்டேட் கொடுத்தார்கள்.

கண்ணுக்குள்ளும் போட்டார்கள். கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் பார்வை இழந்தவர்களுக்காக 'ஆர்கஸ்' என்ற கருவியைச் செய்தது. கண்ணாடியில் ஒரு கேமரா. அது பார்ப்பதை விழித்திரையில் பதித்த மின்முனைகள் வழியாக ஒளிப்புள்ளிகளாகக் காட்டும். உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் அறுவை சிகிச்சை செய்து அதைப் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பியது. கருவி பழுதானவர்களுக்கு மாற்று உதிரி இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. சிலருக்குப் பார்வை மறுபடி இருண்டது. கருவி அவர்கள் கண்ணுக்குள்தான் இருக்கிறது, ஐயா. அதை ஓட்டும் அறிவு மட்டும் கம்பெனியோடு போய்விட்டது.

கேமில் இதைக் கேள்வி கேட்காமல் விட்டால், கேட்கவே பழகாத ஒரு தலைமுறையிடம் டிராக்டரும் பேஸ்மேக்கரும் வந்து சேரும். அதனால்தான் விளையாட்டுச் சாமானிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செல்போன் பழுதுபார்ப்பவர், ரிச்சி தெரு, சென்னை
கே: 'அப்டேட் போட்டதும் போன் மெதுவாகிவிட்டது' என்று தினமும் யாராவது வருகிறார்கள். பிரமையா, நிஜமா?

ப: ஒரு தடவையாவது நிஜம் என்று நிரூபணமானது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கத்தான் என்றார்கள், காரணம் உண்மைதான். சொல்லாமல் செய்ததுதான் குற்றம். பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் புது போன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு சமரசமானது. நீங்கள் 'பேட்டரியை மாத்திப் பாருங்க' என்று சொல்லி அனுப்புகிறீர்களே, அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கம்பெனி மறைத்தது.

நிறுவன மேலாளர், தூத்துக்குடி
கே: சந்தாவில் சேர ஒரு பொத்தான், விலக ஏழு பக்கம். சட்டம் ஏதாவது இருக்கிறதா?

ப: இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. சந்தாப் பொறி அதில் ஒன்று. தானாகப் பிடிக்கும் சந்தா என்றால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ்.-ஐப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். அமேசான் பிரைம் விஷயத்தில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலரில் முடிந்தது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த ரகசியப் பெயர் 'இலியட்', அந்த நீண்ட கிரேக்கக் காவியம்.

சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி
கே: எல்லாவற்றுக்கும் 'சம்மதிக்கிறேன்' என்று அழுத்திவிட்டோமே. பிறகு என்ன உரிமை?

ப: அழுத்தியதால் சட்டம் ஓடிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(46) பிரிவைப் படியுங்கள். தக்க காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது போன்ற நிபந்தனைகள் அதன்படி நியாயமற்ற ஒப்பந்தம். அதைச் செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கேம் கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் 'எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்துவோம்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் தருகிற கடை 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைத்தால், தருவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் சட்டத்தில் அதைவிட வலுவான ஆயுதம் ஏற்கெனவே இருக்கிறது. படித்து முடித்ததும் அதை எடுங்கள்.

அரசு ஊழியர், கடலூர்
கே: 1,500 ரூபாய் கேமுக்காகக் கோர்ட்டுக்கு அலைய முடியுமா?

ப: அலைய வேண்டாம். 1915-க்கு முதலில் பேசுங்கள். பல புகார்கள் அங்கேயே தீரும். தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். காணொலியில் விசாரிக்கச் சொல்லியும் கேட்கலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

மனுவோடு மூன்று காகிதம் வேண்டும்: பணம் போனதற்கான ரசீது, நீங்கள் புகார் எழுதியதும் அவர்கள் சொன்ன பதிலும், வாங்கிய அன்று விற்பனைப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். அடுத்த கேம் வாங்கும்போது, காசைக் கட்டுவதற்கு முன்பே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.